ஞாயிற்றுக்கிழமை மட்டும் எரியும் லைட்

கிளாக்கர் கஜேந்திரன் அன்று காலை பல் விளக்கிக்கொண்டே ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். இனி அவருடைய பைக்கை எந்த பாஸும் தொடக்கூடாது.

பாஸ் என்றால் மெக்கானிக். கொட்டகலை டவுனில் அவருக்குத் தெரிந்து மூன்று பாஸ்மார் இருந்தார்கள். ஒருவர் பைக்கைப் பார்த்ததும் செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரித் தலையை ஆட்டுவார். இன்னொருவர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு பிளேன்டீ குடிக்கப் போவார். திரும்பி வர இரண்டு நாளாகும். மூன்றாமவர் கெட்டிக்காரர். வேலை முடிந்ததும் மிச்சமான நான்கு ஆணிகளைக் கையில் கொடுத்து, "இதெல்லாம் சும்மா அழகுக்குப் போட்டிருக்கானுக சேர், தேவயில்ல" என்பார்.

முடிவுக்குக் காரணம் ஒரு லைட். ஸ்பீட் மீட்டருக்குப் பக்கத்தில், எஞ்சின் படம் போட்ட குட்டி மஞ்சள் லைட். சாவியைத் திருப்பினால் இரண்டு செக்கன் எரிந்துவிட்டு மரியாதையாக அணைய வேண்டும். அன்று அது அணையவில்லை.

"வினோதா! இங்க வா புள்ள. எஞ்சின் லைட்டு எரியுது."

வினோதா குசினியிலிருந்தே பதில் சொன்னாள். "ராவு போட்ட லைட்ட நீங்க என்னைக்கு அணைச்சிருக்கீங்க? அணைச்சிட்டு வாங்க, ரொட்டி ஆறுது."

"அணைக்கிற லைட்டு இல்ல இது. எச்சரிக்க. உள்ளுக்கு ஏதோ நோவுன்னு பைக்கு சொல்லுது."

"என்னா நோவுன்னு சொல்லாதா?"

"அத நாமதான் கண்டுபுடிக்கணும்."

"அப்ப அது ஒங்க வீட்டு ஆளுதான். அங்கயும் யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. மூஞ்சிய மட்டும் காட்டுவாங்க."

கஜேந்திரன் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் பன்னிரண்டு வருஷமாக கிளாக்கர். வினோதா அதே தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது விட்டுப்போகிற நாற்பது பிள்ளைகளைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை மேய்க்கிறவள். அப்படிப்பட்டவளிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர்கள் அந்தத் தோட்டத்தில் இல்லை. கஜேந்திரனும் ஜெயித்ததில்லை, ஆனால் முயற்சியை விட்டதுமில்லை.

வெளியே வந்து பைக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள் வினோதா.

"நேத்து இத பீலிக்கு அடியில நிப்பாட்டினீங்கல்ல?"

"நிப்பாட்டினேன். குளிப்பாட்ட வேணாமா?"

"அதான். மனுசன் அந்தப் பீலியில நின்னாலே காதுக்குள்ள தண்ணி போயிருது. இதுக்கும் போயிருக்கும்."

கஜேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. மலையிலிருந்து குழாய் வழியாகத் தடதடவென்று கொட்டும் பீலித்தண்ணியில் தோட்டத்துச் சனம் முழுக்கத் தலையைக் கொடுத்துக் குளிக்கிறது. அவருடைய பைக்கும் சனத்தில் ஒன்றுதான். சனிக்கிழமை தவறாமல் அதை அங்கே உருட்டிக்கொண்டு போய், சவுக்காரம் போட்டு, பத்து நிமிஷம் பீலிக்கடியில் நிறுத்திவைப்பார்.

"பைக்குக்கு ஏது புள்ள காது? இது எலெக்ட்ரோனிக். ஒனக்கு வெளங்காது" என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு, பைக்கோடு வந்த புத்தகத்தை எடுத்தார்.

புத்தகம் தெளிவாகத்தான் சொன்னது. அணையாத லைட் விட்டுவிட்டுச் சிமிட்டும், அதை எண்ண வேண்டும். நீளமாக ஒரு சிமிட்டு என்றால் பத்து. குட்டிச் சிமிட்டு என்றால் ஒன்று. கூட்டினால் வருவது நோவின் நம்பர். சாட்சிக்கு ஒரு ஆள் இருந்தால் நல்லது என்று பக்கத்துக் கோட்டர்சிலிருந்து மரியரட்ணத்தைக் கூப்பிட்டார். மரியரட்ணம் தோட்டத்து லொறியை முப்பது வருஷம் ஓட்டி ரிட்டயரானவர். எந்த வண்டியைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருக்கும். சில வண்டிகளைப் பற்றி இரண்டும் இருக்கும்.

இருவரும் குந்தியிருந்து லைட்டையே முறைத்தார்கள்.

"பதிமூனு" என்றார் கஜேந்திரன்.

"பதினாலு" என்றார் மரியரட்ணம்.

"அண்ணே, நீளம் ஒன்னு, குட்டி மூனு. நல்லா எண்ணினேன்."

"குட்டி நாலு தம்பி. நீங்க கண்ணச் சிமிட்டுற நேரத்துல அதும் ஒன்னு சிமிட்டிருச்சு."

மறுபடி எண்ணினார்கள். இந்தத் தடவை கஜேந்திரன் கண்ணைச் சிமிட்டாமல் எண்ணினார். பதினைந்து வந்தது. கண்ணில் தண்ணியும் வந்தது. மரியரட்ணம் "மாதாவே, இது ஏறிக்கிட்டே போகுது" என்று எழுந்து போய்விட்டார்.

கஜேந்திரன் தளரவில்லை. போனில் ஓடர் போட்டு ஒரு ஸ்கேனர் வரவழைத்தார். கட்டைவிரல் அளவு சாமான். அதை சீட்டுக்குக் கீழே இருக்கும் சொக்கட்டில் மாட்டினால், பைக்கின் நோவை போனில் எழுத்தாகவே காட்டும். அது தபாலில் வர ஒன்பது நாளானது. அந்த ஒன்பது நாளும் கிளாக்கர் ஃபேக்டரிக்கு நடந்தே போனார். கேட்டவர்களிடமெல்லாம் "பைக்கு சிகிச்சையில இருக்கு" என்றார்.

ஸ்கேனர் வந்தது. மாட்டினார். போன் சொன்னது: எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டை அளக்கிற சென்சரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. டேங்குக்கு அடியில் கையை விட்டுத் தேடினால், ஒரு வயரும் அதன் நுனியில் பெருவிரல் நகத்தளவு கிளிப் வைத்த ஒரு மூடியும் அகப்பட்டன. கிளிப்பை அமுக்கி இழுத்தார். மூடி கழன்றது. அதற்குள்ளிருந்து பீலித்தண்ணி சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"காது" என்றாள் பின்னால் நின்ற வினோதா.

அதைக் கஜேந்திரன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துணியால் துடைத்தார். சொளகால் விசிறிக் காயவைத்தார். மூடியைத் திரும்ப மாட்டியபோது 'டிக்' என்று ஒரு சத்தம். போனில் 'அழி' என்ற இடத்தைத் தொட்டார். மஞ்சள் லைட் அணைந்தது. பாஸ் இல்லாமல், பட்டறை இல்லாமல், தன் வீட்டு வாசலிலேயே ஒரு நோவைத் தீர்த்த மனிதரின் சந்தோஷம் சாதாரணமானதல்ல. அன்று அவர் ரொட்டி ஐந்து சாப்பிட்டார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் கஜேந்திரன் நல்ல மனிதராகவே இருந்திருப்பார். கெட்ட புத்தி டயகமவிலிருந்து வந்தது.

வினோதாவின் அண்ணன் ஜெயகாந்தன் டயகமவில் வீடு கட்டத் தொடங்கியிருந்தார். ஒரே லயத்துக் காம்பராவில் ஏழு பேராக இருந்து அலுத்து, கிடைத்த துண்டுக் காணியில் கட்டுகிற சொந்த வீடு. காணி மேட்டில் இருந்தது. சிமெந்துக் கல்லைக் கொண்டுவரும் லொறி கீழே ரோட்டிலேயே கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து நூற்றுப் பன்னிரண்டு படி. கல்லைச் சுமந்து ஏற்றுவதற்குக் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஏற்றிக் கொடுப்பார்கள். அதிலும் வீட்டு மாப்பிள்ளை வராவிட்டால் ஊரே கேட்கும்.

கஜேந்திரன் ஒரு ஞாயிறு போனார். முப்பத்தெட்டுக் கல் ஏற்றினார். திங்கட்கிழமை ஆபீசில் பேனையைத் தூக்க இரண்டு கை தேவைப்பட்டது.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது வெறும் கிழமை இல்லை. எட்டரை வரைக்கும் தூக்கம். அப்புறம் ரொட்டியும் கட்டச் சம்பலும். பத்து மணிக்கு தோட்டத்து கிரவுண்டில் வொலிபோல் பார்த்துக்கொண்டே, ஆடுகிறவர்களுக்கு வெளியிலிருந்து புத்தி சொல்வது. மத்தியானம் பனிமூட்டம் இறங்கியதும் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு இன்னொரு தூக்கம். ஆறு நாள் பேரேட்டோடு மல்லுக்கட்டுவதே இந்த ஒரு நாளுக்காகத்தான். அதைக் கொண்டுபோய் நூற்றுப் பன்னிரண்டு படியில் வைப்பதா?

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் டேங்குக்கு அடியில் கையை விட்டார். கிளிப்பை அமுக்கினார். இழுத்தார்.

ஞாயிறு காலை சாவியைத் திருப்பிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு குசினிக்கு வந்தார்.

"திரும்பவும் லைட்டு எரியுது புள்ள."

"அன்னைக்கு அழிச்சீங்களே?"

"அது வேற நோவு. இது வேற. டயகம ஏத்தத்துல நடுவுல நின்னுருச்சுன்னா என்னா செய்யிறது? நான் மட்டும்னா பரவாயில்ல. பின்னால நீ இருக்கியே."

வினோதா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, "சரிங்க. நான் பஸ்ல போயிட்டு வர்றேன்" என்று கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இவ்வளவு சுலபமா என்று கஜேந்திரனே பயந்துபோனார். ஆனால் எட்டரை வரைக்கும்தான் பயம். அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

இப்படியே பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். சனி சாயங்காலம் கழற்றுவார். ஞாயிறு இருட்டுவதற்குள் மாட்டி, 'அழி'யைத் தொடுவார். திங்கட்கிழமை பைக் குதிரை மாதிரி ஓடும். வாராவாரம் நோவுக்குப் புதுப்பெயர் வைத்தார். ஒரு வாரம் காற்று போதாது, ஒரு வாரம் காற்று கூடிப்போனது, ஒரு வாரம் பெற்றோலுக்கும் காற்றுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வினோதா ஒவ்வொன்றுக்கும் "அப்புடியா" என்றாள். சாயங்காலம் தூசியும் களைப்புமாக அவள் பஸ்ஸில் வந்து இறங்கும்போது கஜேந்திரனுக்கு உண்மையிலேயே மனம் குத்தும். அதனால் தேத்தண்ணி போட்டு வைத்திருப்பார். தோள் வலிக்கிறது என்றால் தைலம் தேய்த்துவிடுவார். கல்லைத்தான் சுமக்கவில்லை, பாவத்தையாவது சுமப்போம் என்று நினைத்துக்கொள்வார்.

பதின்மூன்றாவது சனிக்கிழமை பின்னேரம், அவர் வழக்கம்போலக் கழற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மிட்வைஃப் பிரியந்தி மிஸ்ஸி தன்னுடைய சிவப்பு பைக்கை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மூன்று தோட்டத்துத் தாய்மாரையும் பிள்ளைகளையும் அந்த பைக்கில்தான் சுற்றிப் பார்ப்பார். பிள்ளைக்காம்பரா வேலையால் வினோதாவுக்கு நெருங்கிய சிநேகிதி. சிங்களம் கலந்த தமிழ் பேசுவார்.

"அனே, கிளாக்கர் மாத்தயா! எஞ்சின் லைட் எரியுது. வினோதா சொன்னா, ஒங்களுக்கு எல்லாம் தெரியுமாம். பாஸுக்கும் தெரியாததுகூட தெரியுமாம்."

"வினோதாவா சொன்னா?"

கஜேந்திரன் திரும்பிப் பார்த்தார். வாசற்படியில் நின்ற வினோதா வெட்கப்படுகிற மாதிரிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். கலியாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் அவரை இன்னொருவரிடம் புகழ்ந்தது இதுவே முதல் தடவை. அவருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

ஸ்கேனர் வந்தது. போன் வந்தது. சத்தம் கேட்டு மரியரட்ணமும் வந்தார். பீலிக்குத் தண்ணி எடுக்க வந்த நாலைந்து பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள். இத்தனை பேர் பார்க்க வேலை செய்வது கிளாக்கருக்கு ஃபேக்டரியில் கிடைக்காத பாக்கியம்.

போனைப் பார்த்தார். அதே சென்சர். டேங்குக்கு அடியில் கையை விட்டார். வயர் இந்தப் பக்கம், மூடி அந்தப் பக்கம். மாட்டினார், 'டிக்'. 'அழி'யைத் தொட்டார். லைட் அணைந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஹரி புதுமை!" என்று பிரியந்தி மிஸ்ஸி கன்னத்தில் கை வைத்தார். "ரோட்டுக் குழியில குலுங்கி கழண்டுச்சோ?"

இந்த இடத்தில் "ஆமாம்" என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். ஆனால் கற்றுணர்ந்த ஒருவரிடம் இத்தனை பேர் முன்னால் சந்தேகம் கேட்டால் அவரால் ஒரு சொல்லோடு நிறுத்த முடியாது.

"இல்ல மிஸ்ஸி. இந்தக் கிளிப்ப நல்லாப் பாருங்க. அமுக்கி இழுத்தாத்தான் வரும். மலையில இருந்து வண்டி உருண்டு விழுந்தாக்கூட தானா கழறாது. இது மனுசக் கை செஞ்ச வேல."

"எலி கிலி கடிச்சிருக்குமோ தம்பி?" என்றார் மரியரட்ணம்.

"எலி கடிச்சா வயர் அறுந்திருக்கும் அண்ணே. கிளிப்ப அமுக்க எலிக்குப் பெருவிரல் இருக்கா? இருக்கவே இருக்காது."

வினோதா ஒரு படி இறங்கி வந்தாள். "அப்புடி யாருங்க செய்வாங்க? எதுக்குச் செய்வாங்க?"

"எதுக்கா? எங்கயோ போக மனசில்லாத ஒரு ஆளு செஞ்ச வேல புள்ள இது. போக மாட்டேன்னு சொன்னா பொல்லாப்பு வரும். வண்டிக்கு நோவுன்னுட்டா யாரு என்னா கேக்க முடியும்? லைட்டக் காட்டிட்டு வீட்டுல கம்பளியப் போத்திக்கிட்டு…"

அந்த இடத்தில்தான் கஜேந்திரனுக்குத் தன் குரல் தன் காதில் விழுந்தது. வாய் திறந்தபடியே நின்றது. 

"அப்ப நம்ம பைக்கையும் ஒருக்கா பாத்துருங்க" என்றாள் வினோதா, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல். "எல்லாரும் இருக்கும்போதே."

நாலைந்து குடங்களும் மரியரட்ணமும் பிரியந்தி மிஸ்ஸியும் அப்படியே பக்கத்துப் பைக்குக்கு நகர்ந்தார்கள். கஜேந்திரன் குனிந்தார். வயர் இந்தப் பக்கம், மூடி அந்தப் பக்கம்.

"இதும் கழண்டிருக்கே!" என்றார் மரியரட்ணம். "இது எப்புடித் தம்பி கழண்டுச்சு?"

தானாகக் கழறாது என்று சொல்லியாகிவிட்டது. குழிக்கும் இடமில்லை. எலியை அவரே தன் வாயால் விடுதலை செய்துவிட்டார். மிச்சமிருந்தது ஒரு கைதான். அதுவும் கிரீஸோடு எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

வினோதா திட்டவில்லை. சிரிக்கவுமில்லை. "நாளைக்கு ஆறரைக்குக் கெளம்புறோம்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மிஸ்ஸிக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனாள். கஜேந்திரனுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஞாயிறு காலை பைக் லிந்துலை தாண்டி, ஒரு நோவும் நொடியும் இல்லாமல் டயகம ஏத்தத்தை ஏறியது. ரோட்டோரத்தில் சிமெந்துக் கல் மலையாகக் குவிந்திருந்தது. மறுநாள் மேசன் பாஸ் சுவர் எழுப்ப வருகிறார். அதற்குள் அத்தனையும் மேலே இருக்க வேண்டும். ஜெயகாந்தன் ஓடி வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மாப்புள! பைக்குக்கு சொகமாயிருச்சா? ரெண்டு பேரையும் பாத்து மூனு மாசமாச்சு."

கஜேந்திரன் பிராயச்சித்தமாகக் கையோடு ஒரு கல்லைத் தோளில் ஏற்றியிருந்தார். நாலு படி ஏறியவர் நின்றார்.

"என்னய மட்டும்தானே பாக்கல மச்சான்? வினோதாதான் வாராவாரம் வருதே."

"வாராவாரமா? அத நான் கடைசியாப் பாத்ததே நீங்க வந்த அன்னைக்குத்தான். ஞாயித்துக்கிழமன்னா போன் வரும். 'அண்ணே, அவரு பைக்குக்கு லைட்டு எரியுது, வர முடியல'ன்னு சொல்லும். பொல்லாத நோவுதான் போலன்னு நானும் விட்டுட்டேன்."

கஜேந்திரன் மெதுவாகத் திரும்பினார். கீழே ரோட்டில் வினோதா அண்ணனுக்குக் கொண்டுவந்த சோற்றுப் பார்சலைக் கல்மேல் வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். முன் சீட்டில்.

"வினோதா! என்னா வெளையாட்டு இது? அது கியர் வண்டி புள்ள!"

"தெரியும்ங்க. பன்னெண்டு ஞாயித்துக்கிழம பிரியந்தி மிஸ்ஸிதான் பழக்கினாங்க, கொட்டகல கிரவுண்டுக்குப் பின்னால. போன புதன்கிழம நுவரெலியாவுல லைசனுக்கு ஓட்டிக் காட்டுற ட்ரயல்லயும் பாஸாயிட்டேன்."

"அப்ப நீ இங்க வரவே இல்லியா?"

"நீங்க வந்திருந்தா தெரிஞ்சிருக்குமே."

தோளில் கல் இருப்பதே கஜேந்திரனுக்கு மறந்துபோனது. "நான் சொன்னதெல்லாம் நீ நம்பினியே புள்ள!"

"மொத வாரமே தெரியும்ங்க. நம்ம பிள்ளக்காம்பராவுல நாப்பது பேரு தெனம் பொய் நோவு சொல்லி வயித்தப் புடிச்சிக்கிட்டு வர்றானுக. ஆனா நீங்க பொய் சொன்னது எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு, அதான் பேசாம இருந்தேன். இப்ப லைசன் கைக்கு வந்துருச்சு. பைக்கு சொகமாகணும்ல? அதான் மிஸ்ஸி பைக்குலயும் அதே கிளிப்ப அமுக்கி இழுத்தேன்." அவள் சாவியைத் திருப்பினாள். மஞ்சள் லைட் இரண்டு செக்கன் எரிந்து, மரியாதையாக அணைந்தது. "அண்ணே, பன்னெண்டு வாரத்துக்கும் சேத்து ஆள விட்டுட்டுப் போறேன். பாத்துக்கங்க. மிஸ்ஸி அக்கரப்பத்தனையில காத்துக்கிட்டு இருக்காங்க."

"அடியே, நான் எப்புடி வீட்டுக்கு வர்றது?"

பதிலுக்கு வினோதா கியரைப் போட்டாள். முதல் வளைவில் அவள் திரும்பிய நேர்த்தியைப் பார்த்து, அந்த நிலையிலும் கஜேந்திரனுக்குக் கொஞ்சம் பெருமை வந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார்.

ஜெயகாந்தன் மாப்பிள்ளையின் இன்னொரு தோளில் இரண்டாவது கல்லைப் பதமாக ஏற்றிவைத்தார்.

"கவலப்படாதீங்க மாப்புள. கடைசி பஸ்ஸு அஞ்சரைக்குத்தான். அதுக்குள்ள மிச்ச நானூறையும் ஏத்திப்புடலாம்."